ஏழு தையல்

ஒன்பதாம் சுற்று முடிந்த மணிக்கும்
பத்தாம் சுற்றின் மணிக்கும் இடையே
அறுபது விநாடி.
ஸ்டூலைப் போட, பல்காப்பைப் பிடுங்க,
அவன் மூச்சு அவனிடம் திரும்ப, இருபது போய்விடும்.
மீதிதான் எனக்கு.

நான் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர்.
பஸ்ஸில் மோதியவனும் அரிவாள் பட்டவனும்
டாக்டருக்கு முன்னால் என் பஞ்சுக்குத்தான் வருவார்கள்.
இன்று லீவு போட்டு
சமாதானபுரத்துக் கல்யாண மண்டபத்தில் நிற்கிறேன்,
காதிடுக்கில் பஞ்சுக்குச்சி செருகி.
காலை முகூர்த்தத்துக்குக் கட்டிய வாழை
வாசலில் இன்னும் வாடவில்லை.
மாப்பிள்ளை உட்கார்ந்த சோபாவில் ஸ்பான்சர்.
தென்மண்டல லைட்வெயிட் பட்டம்.
பந்தி மேசையில், பேப்பர் விரிப்பின் மேல், பெல்ட்.

அறிவிப்பாளன் சென்னைப் பையன்.
'பூத்... பூதன்' என்றான்.
பின்வரிசையில் நயினார்குளம் மார்க்கெட்டே எழுந்து
பூதத்தான், பூதத்தான் என்று திருத்தியது.

அங்கே வெங்காய மூட்டை இறக்குகிறவன்.
அறுபத்தொரு கிலோவுக்குள் இறங்க
நாலு நாள் உப்பு சேர்க்காமல்
நேற்று ராத்திரி எச்சிலைக்கூடப் புட்டியில் துப்பினவன்.
கமிஷன் கடைத் தராசில்தான் எடை பார்த்துக்கொண்டோம்.
அந்தத் தராசின் இருநூறு கிராம் கல்
இப்போது என் ஐஸ் வாளியில் கிடக்கிறது.
கன்னம் வீங்கினால் வைத்து அழுத்த.
அதற்கென்று விற்கிற கருவிக்கு நாலாயிரம் சொன்னார்கள்.
இரும்பு இரும்புதானே.

எதிரில் கொல்லத்து ரெஜின், சாம்பியன்.
குனிந்து, கீழிருந்து கிளம்பி வருகிறவன்.
ஏழு சுற்று இவன் இடதுகை
அவனை வெளியிலேயே நிறுத்தி வைத்தது.
எட்டில் உள்ளே வந்துவிட்டான்.
ஒன்பதில், இருவரும் கட்டிக்கொண்டு கிடந்த மூலையில்,
ஒரு சத்தம்.
கையுறைச் சத்தம் எனக்குத் தெரியும்,
ஈரச்சாக்கு விழுகிற மாதிரி.
இது கொட்டாங்கச்சி.
ரெஃபரி முஷ்டியைத் தூக்கிக் காட்டினார்:
குத்து.

புருவத்தைத் துடைத்தேன்.
குத்தில் கிழிந்த தோல் நேராகப் பிளக்கும்.
இது நசுங்கி, ஓரம் பிய்ந்து,
கரையுடைந்த வாய்க்கால்.
தலை மோதியதென்றால்
நிறுத்தினாலும் நடுவர்களின் தாள் பேசும்.
குத்து என்றால் நின்றுபோனவன் தோற்றவன்.
விதி எனக்கும் தெரியும்.

டாக்டர் ஏறி வந்தார்,
எங்கள் ஆஸ்பத்திரிக்காரர்தான்.
புண்ணைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.
'தாங்குமா வே?'
பூதத்தானின் நல்ல கண்ணும் என்னைத்தான் பார்த்தது.
எதனால் என்று யாரும் கேட்கவில்லை.
'எலும்பு தெரியுது சார்' என்றேன்.

செருப்புகள் பறந்தன.
ஒன்று என் வாளியில் விழுந்தது.
அப்புறம் தாள்களை வாசித்தார்கள்:
மூன்றில் இரண்டில் இவன் இரண்டு புள்ளி முன்னால்.
இன்னும் மூன்று நிமிஷம்.
அடிக்கக்கூட வேண்டாம், நின்றிருந்தால் போதும்.

'மணமகள் அறை' என்று எழுதிய அறையில்
யாரோ ஒட்டிவிட்டுப் போன பொட்டுகள் மிஞ்சிய
கண்ணாடி முன்னால் உட்காரவைத்துத் தைத்தேன்.
ஐந்தாவது தையலில் கதவு தட்டியது.
ரெஜின். தோளில் பெல்ட்.
'சேட்டா, இத்திரி ஐஸ்.'
முடி தொடங்கும் இடத்தில்
நெல்லிக்காய்ப் பருமனில் வீக்கம்.

கல்லை எடுத்துக் கொடுத்தேன்.
வைத்து அழுத்திக்கொண்டு அங்கேயே நின்றான்.
பூதத்தான் கண்ணாடிக்குள் அந்த வீக்கத்தைப் பார்த்தான்.
ரெஜின் பெல்ட்டைத் தோளிலிருந்து இறக்கி
நாற்காலிக்கு அடியில் காலால் தள்ளினான்.
ஆறு. ஏழு.
நூலை வெட்டினேன்.
'அந்தக் கல்லைக் காலைல குடுத்துரணும் வே,
மூணு மணிக்குக் கடை தெறந்துருவாவ'
என்றான் பூதத்தான்.

திங்கட்கிழமை கட்டுப் பிரிக்க வந்தான்.
சீட்டில் ஒரு கட்டம்:
காயம் ஏற்பட்ட விதம்.
தலை மோதியதால், என்று எழுதினேன்.
அவன் எட்டிப் பார்த்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல் முகத்தைக் காட்டினான்.
சீட்டைக் கம்பியில் குத்தினேன்,
ஒரு நாய்க்கடிக்கும்
ஒரு தேள்கடிக்கும் நடுவில்.